எழுதாத ஒழுங்கு



யாருடைய நினைவாக இந்த உரையை ஆண்டுதோறும் நடத்துகிறோமோ, அந்த ஆசிரியர் நமக்கு விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று இந்த மன்றம். இன்னொன்று ஒரு தகரப் பெட்டி. பெட்டி நிறைய மனுக்கள். பங்குத்தந்தைக்கு எழுதியவை, ஆயருக்கு எழுதியவை, வட்டாட்சியருக்கு எழுதியவை. எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் உண்டு. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்காத மனு மனுவே இல்லை என்று அவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட மறுத்த இடங்களில், இன்ன தேதியில், இன்ன நேரத்தில் கொடுத்தேன், வாங்கியவர் கையொப்பமிடவில்லை என்று தன் கையெழுத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்.

அந்த மனுக்கள் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கும் வரவேண்டும். சவ வண்டியை எங்கள் சாவுக்கும் தரவேண்டும். பாடகர் குழுவில் எங்கள் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். திருவிழா வரியை எங்களிடமும் வாங்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைக் கேட்டால் இளைஞர்கள் சிரிப்பார்கள். எங்களிடம் வரி வாங்குங்கள் என்று யாராவது மனு போடுவார்களா? போடுவார்கள். வரி கொடுத்த வீட்டுக்குத்தான் திருவிழாவில் பேச்சு உண்டு, தேரின் வடத்தில் கை உண்டு, கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. எங்களிடம் வரி வாங்காமல் விட்டது இரக்கத்தால் அல்ல. 'பாவம், ஏழைகள்' என்று சொல்லிக்கொண்டே ஊர்ப் பட்டியலிலிருந்து ஒரு தெருவையே எடுத்துவிடும் வித்தை அது.

இந்த மனுக்களுக்கு வந்த பதில்களை வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் இன்றைய உரைக்கான பொருள் கிடைத்தது. எழுத்தில் வந்த பதில்கள் சில, வாய்மொழியாக வந்ததை ஆசிரியர் ஓரத்தில் எழுதி வைத்தவை பல. எல்லாமே இரண்டே சொற்களைச் சுற்றுகின்றன. அன்போடு பொறுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு கெடும்படி எதுவும் செய்துவிடாதீர்கள். ஒரே குருவானவர், ஒரே மனுவுக்கு, ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் சொல்லியிருக்கிறார்.

திருச்சபையில் ஒழுங்குக்கும் அன்புக்கும் இடையில் சமநிலை வேண்டும் என்று குருமடங்களிலும் இறையியல் கல்லூரிகளிலும் பேசுவார்கள். சட்டமும் பதவியும் மிகுந்தால் அன்பு வறண்டுபோகும், சுதந்திரம் மிகுந்தால் குழப்பம் வரும், இரண்டையும் தராசில் நிறுத்தி அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்து நிறுப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தட்டின் மேலே என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் எடை புரியாது. இங்கே தட்டுக்கு அடியில் ஒட்டியிருப்பது வழக்கம். எழுதப்படாத, யாரும் பொறுப்பேற்காத, ஆனால் எழுதிய சட்டத்தைவிட வலுவான இன்னொரு ஒழுங்கு. நம் கோவில்களில் மோதல் அன்புக்கும் ஒழுங்குக்கும் இடையில் இருந்ததில்லை. எழுதிய ஒழுங்குக்கும் எழுதாத ஒழுங்குக்கும் இடையில்தான் இருந்திருக்கிறது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த உரை.

முதலில் வேதத்திலிருந்து தொடங்குவோம். நம்மை அடக்க எடுத்தாளப்படும் வசனம் அங்கேதான் இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 14ஆம் அதிகாரம், சபையில் எல்லாம் முறைப்படியும் ஒழுங்காகவும் நடக்க வேண்டும் என்ற கருத்தோடு முடிகிறது. கோவில் கூட்டத்தில் நம்மில் ஒருவர் எழுந்து நின்றால் உடனே இந்த வசனம் வரும். ஆனால் அதே கடிதத்தில் மூன்று அதிகாரங்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது? கொரிந்துச் சபையில் ஆண்டவருடைய விருந்துக்குக் கூடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து, தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே தின்று குடித்துவிடுகிறார்கள். இல்லாதவர்கள் வரும்போது பசியோடு நிற்கிறார்கள். உழைப்பாளிகளும் அடிமைகளும் வேலை முடிந்துதானே வரமுடியும், அதனால் பிந்தி வந்திருப்பார்கள் என்று விவிலிய அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். பவுலுக்குக் கோபம் வருகிறது. அவர் போடும் விதி எளியது: சாப்பிடக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

இந்த விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். பிந்தி வந்தவரை அல்ல, முந்தி வந்தவரை. கடிதம் முதலில் பேசும் ஒழுங்கு, நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வருகிறவருக்காகக் காத்திருக்கச் சொல்லும் ஒழுங்கு. 14ஆம் அதிகாரத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்களுக்கு 11ஆம் அதிகாரம் எப்படியோ மறந்துவிடுகிறது.

இனித் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்கள் தொடங்கிய லுத்தரன் சபைதான் இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் மிஷன். அந்தச் சபையில் இராசநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். பறையர் சமூகத்தில் பிறந்தவர், தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர். கத்தோலிக்கராக இருந்தவர், அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்ததால் லுத்தரன் சபைக்கு வந்தவர். புத்தகம் படித்து மனம் மாறிய நம் முன்னோர்களில் ஒருவர் என்பதற்காகவே ஒரு இலக்கிய மன்றம் அவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். தஞ்சாவூர் சீமையில் சபைகள் வளர்ந்ததில் அவருடைய உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

1733இல் அந்த மிஷன் முதன்முதலாக ஒரு தமிழரைப் போதகராக அபிஷேகம் செய்தது. அவர் ஆரோன், வெள்ளாளர். 1741இல் இரண்டாவதாக தியோகு. இராசநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். அவருக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து இராப்போஜனத்தை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள், அதனால் திருவிருந்தின் மதிப்புக் குறைந்துபோகும் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். தங்களுக்குச் சாதி வேறுபாடு கிடையாது என்று சொல்லிக்கொண்டேதான் அஞ்சினார்கள்.

லுத்தரன் சபையின் எழுதிய சட்டத்தில் ஒரு பறையர் போதகராகக் கூடாது என்று எங்கும் இல்லை. லூத்தரின் போதனைப்படி ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் குருத்துவத்தில் பங்குள்ளவர். இராசநாயக்கனைத் தடுத்தது எழுதாத ஒழுங்கு. அந்த எழுதாத ஒழுங்கு வந்து நின்ற வேடத்தையும் கவனியுங்கள்: அன்பு. பலவீனமான சகோதரருக்கு இடறல் வேண்டாம் என்ற அன்பு. வெள்ளாளரின் மனம் நோகக் கூடாது என்று அக்கறைப்பட்டவர்களுக்கு இராசநாயக்கனின் மனம் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை. அன்பு எப்போதும் மேலிருப்பவர் பக்கமே சாய்ந்து ஓடியிருக்கிறது. அணை கட்டாத தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பார்கள், இந்தத் தண்ணீர் மட்டும் மேட்டை நோக்கி ஓடியது.

கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் முன்னதாகவே. 1606இல் மதுரைக்கு வந்த நோபிலியின் வழியில், மேல்சாதியினருக்கு ஒருவகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பிரிவு வந்தது. நோயில் கிடந்த பறையரின் குடிசைக்குள் குரு நுழைந்து இறுதித் திருச்சடங்கு கொடுக்கலாமா கூடாதா என்பது ஒரு நூற்றாண்டுச் சண்டை. போய்த்தான் ஆகவேண்டும் என்று 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் ஆணையிட்டார். அதற்கு எதிராக ரோமைக்கு மனுமேல் மனு போயிற்று. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் காலத்தில் வந்த முடிவு, பறையர்களுக்கென்று தனியாகச் சில மறைப்பணியாளர்களை ஒதுக்குவது. சாகிறவனுக்குத் திருச்சடங்கு மறுக்கப்படாது, சடங்கு கொடுக்கும் கைதான் வேறாக இருக்கும். சமநிலை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வயிற்றைக் கலக்குவதற்கு இந்த முடிவு ஒரு காரணம்.

அடுத்த நூற்றாண்டில் காற்றுத் திசை மாறியது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முழுமையாக, என்றைக்குமாகக் கைவிடப்பட வேண்டும் என்பது அதன் கட்டளை. தஞ்சாவூரிலும் சென்னையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். சிலர் சாதி விஷயத்தில் மென்மையாக இருந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் பக்கம் போனார்கள். வெளியேறியவர்கள் முன்வைத்த வாதம் நமக்குப் பழக்கமானது. சாதி வெறும் சமூக ஏற்பாடு, விசுவாசத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை, அந்நிய நாட்டார் எங்கள் சுதந்திரத்தில் தலையிடக் கூடாது. அதாவது கிறிஸ்தவ சுதந்திரம் என்ற முழக்கத்தை முதலில் கையில் எடுத்தவர்கள் நாமல்ல. பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று சொல்லும் சுதந்திரத்துக்காக அது எழுப்பப்பட்டது.

1847இல் மதுரையில் அமெரிக்க மிஷன் இன்னும் ஒருபடி மேலே போனது. தன் உபதேசியார்களும் ஊழியர்களும் எல்லாச் சாதியினரோடும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று விதி போட்டது. உண்ண மறுத்தவர்கள் வேலை இழந்தார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் அன்பின் விருந்து. கட்டாயப்படுத்தி நடத்தும் விருந்தில் அன்பு எங்கே இருக்கிறது என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். மிஷனரிகளின் சொந்தச் சாப்பாட்டு மேசையில் தமிழர்களுக்கு எத்தனை நாற்காலி இருந்தது என்று நாமும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

ஆனாலும் அந்த விதியை நாம் கேலி செய்துவிட முடியாது. சட்டத்தால் அன்பை உண்டாக்க முடியாது என்பது உண்மை. சட்டத்தால் இலையைப் போட முடியும். இலையைப் போட்ட பிறகு பக்கத்தில் இருப்பவரை நேசிப்பதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு விழுங்குவதா என்பது அவரவர் ஆன்மாவைப் பொறுத்தது. இலையே போடாத இடத்தில் அன்பைப் பற்றிப் பேசுவது பசித்தவனுக்கு ஏப்பம் விட்டுக் காட்டுவது போன்றது. சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் சொன்னதும் நம் நினைவில் இருக்க வேண்டும். அதே நூலில் அவர் விதிகளுக்கும் கோட்பாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசுகிறார். விதி என்பது இன்னதைச் செய் என்று சொல்லும் பழக்கம். கோட்பாடு என்பது செய்ததைச் சரியா தவறா என்று எடைபோட உதவும் அளவுகோல். விதிகளின் மூட்டையாகிவிட்ட மதம் மனிதரின் பொறுப்புணர்வைக் கொல்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் இந்து மதத்தைப் பற்றி எழுதியதைத் திருச்சபைக்குப் பொருத்திப் பார்க்கும்போது ஒரு முரண் தெரிகிறது. திருச்சபையில் கோட்பாடு எழுத்தில் இருக்கிறது, விதி வழக்கத்தில் இருக்கிறது. கோட்பாட்டை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறார்கள். விதி ஆறு நாளும் நடக்கிறது.

வடக்கன்குளத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நெல்லைச் சீமையில் உள்ள அந்த ஊரின் கத்தோலிக்கக் கோவில் 1872இல் கட்டப்பட்டது. அதை மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும். பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடம் இரண்டு. ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, இருவரும் பீடத்தைப் பார்க்க முடியும். இந்தக் கட்டடத்தை வரைந்தவர் முட்டாள் அல்ல, மிகுந்த திறமைசாலி. சண்டை வராமல் இருக்க வேண்டும், யாரும் கோவிலை விட்டுப் போகக் கூடாது, எல்லோருக்கும் நற்கருணை கிடைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார். ஒழுங்குக்கும் அன்புக்கும் சமநிலை கண்டு அதைச் சுண்ணாம்பிலும் கல்லிலும் கட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களை வடக்கன்குளத்துக்கு அனுப்பலாம்.

1910இல் அங்கே பிரித்து நின்ற சுவரைப் பங்குத்தந்தை கோசானேல் இடிக்கச் செய்தார். வெள்ளாளர்கள் நீதிமன்றம் போனார்கள். தனியிடம் எங்கள் நெடுநாள் வழக்கம், அந்த வழக்கம் எங்கள் உரிமை என்றார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. கோவிலுக்குள் சாதிப்படி தனியிடம் கேட்பதை நீதிமன்றம் காத்துத் தரவேண்டிய உரிமையாக ஏற்கவில்லை, கோவிலின் உள் ஏற்பாடு திருச்சபை அதிகாரத்துக்கு உட்பட்டது என்று ஆயிற்று.

இந்த வழக்கில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சுவரை இடித்தது அன்பு பற்றிய மறையுரை அல்ல. மறையுரை சுவர் இருந்த ஆண்டுகள் முழுவதும் வாராவாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. இடித்தது அதிகாரம். மேலிருந்து கீழே வரும், யாரிடமும் வாக்குக் கேட்காத, நாம் பொதுவாகச் சந்தேகத்தோடு பார்க்கும் அதே குருத்துவ அதிகாரம். அன்றைக்கு வடக்கன்குளத்தில் பங்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பந்தயம் கட்ட நாம் தயாராக இல்லை. ஜனநாயகம் வேண்டும் என்று தினமும் பேசுகிற நமக்கு இது சங்கடமான பாடம். சங்கடத்தை மறைக்கத் தேவையில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் சேகரக் குழுவிலிருந்து சினாடு வரை தேர்தல் இருக்கிறது. அந்தத் தேர்தல்கள் சாதிக் கணக்கில் நடப்பதைத் திருமண்டலங்களில் உள்ள எந்தச் சபையாரும் சொல்வார்கள். கத்தோலிக்கத்தில் தேர்தல் இல்லை, ஆயரின் ஆணை இருக்கிறது. இரண்டிலும் எழுதாத ஒழுங்கு தன் வேலையைச் செய்துகொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறது.

சரி, எழுதிய ஒழுங்கு இன்று என்ன சொல்கிறது? கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பை நம் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஆசிரியர் அதைப் படித்திருந்தார், அவர் மனுக்களில் விதி எண்கள் இருக்கும். விதி 208, திருமுழுக்குப் பெற்ற அனைவரும் மாண்பிலும் செயலிலும் உண்மையான சமத்துவம் உடையவர்கள் என்கிறது. விதி 212, மக்கள் தங்கள் தேவைகளை மேய்ப்பர்களிடம் தெரிவிக்கலாம் என்கிறது. இவை அழகான விதிகள். இவற்றைவிட நமக்குப் பயனுள்ளவை இரண்டு வறட்டு விதிகள். விதி 536 பங்குப் பேரவை பற்றியது. ஆயர் பொருத்தமென்று கருதினால் பேரவை அமைக்கலாம், அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. விதி 537 நிதிக்குழு பற்றியது. ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தே ஆகவேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பல ஊர்களில் நம்மவர்கள் அறிவதில்லை. பேரவையில் ஒரு இடத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடுகிறோம், இடம் கிடைத்ததும் அங்கே எந்த அதிகாரமும் இல்லை என்று கண்டுபிடிக்கிறோம். கணக்கு இருக்கும் நிதிக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம். திருவிழா வரி, கோவில் நிலத்தின் குத்தகை, கல்லறைத் தோட்டச் செலவு எல்லாம் கணக்கில்தான் தெரியும். எந்தத் தெருவில் வரி வாங்கவில்லை என்பதும் அதில் தெரியும்.

விதிகளுக்கு மேல் அறிக்கைகளும் இருக்கின்றன. 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாடு கொஞ்சமும் இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. தலைமைப் பொறுப்புகளில் தலித்துகள் மிகக் குறைவு என்பதை அதில் ஒப்புக்கொண்டார்கள். 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், உலகத் திருச்சபையின் வரலாற்றில் முதல் தலித் கர்தினால். நோபிலி மதுரைக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு. மகிழ்ந்தோம், மறைப்பதற்கில்லை.

இந்த ஆவணங்களில் எங்கும் இல்லாத ஒன்று தண்டனை. தேரை ஒரு தெருவுக்கு விட மறுத்தால் திருவிழா நடக்காது, கல்லறையில் சுவர் இருந்தால் அந்தப் பங்குக்குக் குரு வரமாட்டார் என்று எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. எழுதாத ஒழுங்குக்கோ தண்டனைகள் உண்டு. வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், கடையில் கடன் கிடைக்காது, கிணற்று மோட்டார் நிற்கும். தண்டனை உள்ள ஒழுங்கும் தண்டனை இல்லாத ஒழுங்கும் மோதினால் எது வெல்லும் என்று சொல்ல சமூகவியல் பட்டம் தேவையில்லை.

இங்கே பாதம் கழுவும் சடங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய வியாழன் மாலை குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைப்பார். அன்புக் கட்டளையின் சடங்கு அது. அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஆண்களை மட்டுமே உட்கார வைக்க வேண்டும் என்று நீண்ட காலம் சடங்கு நூலில் இருந்தது. 2016 ஜனவரியில் ரோமையிலிருந்து வந்த ஆணை அந்தச் சொல்லை மாற்றியது. அதன் பிறகு பெண்களும் உட்காரலாம் என்றாயிற்று. ஒரு சொல் மாறியதால் ஒரு நாற்காலி கிடைத்தது. ஆனால் பன்னிரண்டு பேரில் தலித் கூடாது என்று எந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாததை எப்படித் திருத்துவது?

ஆசிரியரின் பெட்டியில் இதற்கும் மனுக்கள் உண்டு, அடுத்தடுத்து ஐந்து ஆண்டுகள். முதல் நான்குக்கும் பதில், அடுத்த ஆண்டு பார்க்கலாம். ஐந்தாம் ஆண்டு எங்கள் தெருவிலிருந்து இருவரை அழைத்தார்கள். அதில் ஒருவர் எங்கள் உறவில் பெரியப்பா முறை. அன்று மாலை கோவிலுக்குக் கிளம்பும் முன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அதான் சாமியார் கழுவப் போறாரே, நீங்க எதுக்குப் பெரியப்பா கழுவுறீங்க என்று பிள்ளைகள் நாங்கள் கேட்டோம். நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுப்பா என்றார். எழுதாத ஒழுங்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தோம்.

அப்படியானால் கட்டமைப்பே வேண்டாம், ஆவியின் சுதந்திரம் போதும் என்று கிளம்பியவர்கள் உண்டு. நம் தெருக்களில் பெந்தெகொஸ்தே சபைகள் பெருகியதற்குக் காரணம் இசைக்கருவிகள் மட்டுமல்ல. அங்கே நம் பெண்கள் எழுந்து சாட்சி சொன்னார்கள், ஜெபித்தார்கள், முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பங்குத்தந்தையின் வீட்டு வராந்தாவில் நின்ற மக்களுக்குத் தங்கள் வீட்டுக் கூடத்தில் பாஸ்டர் வந்து பாயில் உட்கார்ந்து சாப்பிட்டது சிறிய விஷயம் அல்ல. பழைய சபைகள் இதை ஏளனம் செய்வதற்கு முன் வெட்கப்பட வேண்டும்.

ஆனால் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சபைகள் பலவற்றின் நிலையையும் பார்க்கிறோம். நிலம் பாஸ்டரின் பெயரில் அல்லது குடும்ப அறக்கட்டளையின் பெயரில். அவருக்குப் பின் மகன், மகனுக்குப் பின் மருமகன். தசமபாகக் கணக்கு எங்கும் வாசிக்கப்படுவதில்லை. தவறு நடந்தால் முறையிட மேலே ஆயரும் இல்லை, பக்கத்தில் குழுவும் இல்லை. ஜோ ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பெண்ணியர் 1970களின் தொடக்கத்தில், தலைமையே வேண்டாம் என்று சொன்ன பெண்கள் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கட்டமைப்பு இல்லாத குழு என்று ஒன்று கிடையாது, எழுதாத கட்டமைப்பு உள்ள குழுதான் உண்டு, அங்கே அதிகாரம் நட்பு வட்டத்தின் வழியாக ஓடும், அதைக் கேள்வி கேட்க வழியிருக்காது என்பது அவர் வாதம். சமூகவியல் வகுப்பில் அதைப் படித்தபோது எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. எழுதாத ஒழுங்கு சேரியிலும் முளைக்கும், நம் பெயரிலேயே முளைக்கும் என்பதை ஒப்புக்கொள்ளாமல் மற்றவரை மட்டும் சாடுவது நேர்மையாகாது. இந்த மன்றத்திலேயே செயலாளர் தேர்தல் முறையாக நடந்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்று யாரோ பின்னால் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான முணுமுணுப்பு.

வேறொரு வழியை மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு காட்டினார். பரட்டை என்று நாம் அறிந்தவர், 2005இல் மறைந்தார். நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தவர். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதை இறையியலின் நடுவில் வைத்தார். 1847ஆம் ஆண்டு விருந்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, உலையை யார் வைக்கிறார்கள் என்பது. அங்கே மேலிருந்து வைத்துக் கூப்பிட்டார்கள். இங்கே கீழிருந்தவர் தன் அரிசியையும் போட்டார். வரியை எங்களிடமும் வாங்குங்கள் என்ற மனுவும் அதே அரிசிதான்.

இனி எறையூர். விழுப்புரம் மாவட்டத்தில் அன்று இருந்த இந்த ஊரில் 2008 மார்ச்சில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கு. சவ ஊர்வலப் பாதை முதல் எல்லாவற்றிலும் பாகுபாடு. இனி உங்களோடு வேண்டாம், எங்கள் சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று நம் மக்கள் கேட்டார்கள். வன்முறை வெடித்தது, வீடுகள் தாக்கப்பட்டன, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் இறந்தார்கள். இறந்தவர்களும் உழைக்கும் மக்கள்தான் என்பதை இந்த மேடையிலிருந்து சொல்வதில் நமக்குத் தயக்கம் இல்லை.

தனிப் பங்கு கேட்டது சரியா? இதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வடக்கன்குளத்தில் சுவரை இடிக்க வேண்டும் என்றோம், எறையூரில் நாமே சுவர் கேட்கிறோமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். வலுவான கேள்வி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று நினைக்கிறோம். மேலிருப்பவர் எழுப்பும் சுவர் ஒருவரை வெளியே நிறுத்துகிறது. கீழிருப்பவர் கேட்கும் தனிவாசல், தன் பிணத்தைத் தன் வழியில் மரியாதையோடு எடுத்துச் செல்லக் கேட்பது. இன்னொன்றும் உண்டு. எழுதிய ஒழுங்கு பொதுக்கோவிலில் நடந்திருந்தால் அந்தக் கோரிக்கையே எழுந்திருக்காது. ஒற்றுமை குலையும் என்று அன்று மறுத்தவர்கள், குலைப்பதற்கு அங்கே என்ன ஒற்றுமை இருந்தது என்று சொல்லவில்லை. ஆனாலும் தனிப் பங்கு ஒரு தற்காலிக நிழல்தான், அங்கேயே வீடு கட்டிவிட முடியாது என்று சொல்லும் தோழர்களின் கவலையையும் தள்ளிவிட முடியவில்லை.

அரசின் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர். அதனால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கு இல்லை. சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதி திராவிடக் கிறிஸ்தவர், இந்துத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1985இல், மதம் மாறிய பின்னும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று அவர் மனு தள்ளுபடியானது. திருச்சபையில் சாதி இல்லை என்ற அழகான விதி, நீதிமன்றத்தில் நமக்கு எதிராக நிற்கிறது. ஆதாரம் எங்கே என்று கேட்டால் கல்லறைச் சுவரைக் காட்டலாம், ஆனால் காட்டுகிறவர் திருச்சபையின் பெயரைக் கெடுப்பவர் ஆகிறார். ஆகவே ஆதாரமும் எழுதாமலே போகிறது. ஆசிரியர் கார்பன் தாளை ஏன் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார் என்று சூசை வழக்கைப் படித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

பெட்டியில் உள்ள மனுக்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படியெடுக்கும் வேலையை மன்றத் தோழர்கள் தொடங்கியிருக்கிறார்கள். கறையான் அரித்த சில தாள்களில் தேதி மட்டும் தெரிகிறது, சிலவற்றில் கையெழுத்து மட்டும். வேறு ஊர்களில் இப்படி மனு வைத்திருப்பவர்கள் நகல் கொடுத்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்வோம். தவறாமல் தேதியும், யாரிடம் கொடுத்தது என்பதும், என்ன பதில் வந்தது என்பதும் வேண்டும். வாய்ப்பதிலாக இருந்தாலும் எழுதிக் கொடுங்கள்.

இந்த ஆண்டு ஒரு புதிய மனுவும் தயார். விதி 537இன்படி நம் பங்கின் நிதிக்குழுவில் இருப்பவர்கள் யார், எந்தத் தெருவினர், கடந்த மூன்று ஆண்டுத் திருவிழா வரி எந்தெந்தத் தெருவில் வாங்கப்பட்டது என்ற விவரத்தைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி கேட்டிருக்கிறோம். மூன்று பிரதிகள் இருக்கின்றன, பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுபவர்கள் பெயரோடு தெருவின் பெயரையும் எழுதுங்கள். வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவோம்.